நட்ட கன்றுகள் எத்தனை, நிற்கும் மரங்கள் எத்தனை? வனவியல் துறை ஆண்டறிக்கை பற்றி நெல்லைச் சீமைக்காரர்களிடம் ஒரு கேள்வி

ஆற்றங்கரை மருதம் (இழையைத் தொடங்கியவர்)
ஞாயிறு, இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். இப்போது ஒரு பல்கலைக்கழகத்தின் வனவியல் துறையில் ஆராய்ச்சி மாணவி. எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லவில்லை. நான் கேட்கப்போவது எல்லா இடத்துக்கும் பொருந்தும்.

மார்ச் வந்தால் துறையின் ஆண்டறிக்கை வேலை தொடங்கிவிடும். இந்த முறை களப்பணிப் பகுதியை என்னை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். படிவம் பல வருஷமாக ஒன்றுதான். நடந்த வகுப்புகள், பட்டம் பெற்றவர்கள், வெளிவந்த கட்டுரைகள், பயிற்சிக்கு வந்த விவசாயிகள், நாற்றங்காலில் வளர்த்த கன்றுகள், நட்ட கன்றுகள். ஒவ்வொன்றுக்கும் நேராக ஓர் எண் போட வேண்டும். ‘நட்ட கன்றுகள்’ வரைக்கும் வந்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டேன்.

முதுநிலை படித்தபோது நாங்கள் ஒரு வகுப்பாகச் சேர்ந்து தாமிரபரணிக் கரையில் மருதம், நாவல், புங்கு மூன்றும் நட்டோம். அந்த வருஷ அறிக்கையில் எண்ணிக்கை இருக்கிறது, படமும் இருக்கிறது. அப்புறம் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளம் உங்களுக்கெல்லாம் தெரியும். போன வாரம் ஊருக்கு வந்தபோது அந்தக் கரைக்குப் போய்ப் பார்த்தேன். புங்கு ஏழு நிற்கிறது. மருதம் மூன்று. நாவல் ஒன்றுகூட இல்லை. மருதம் ஒன்றின் அடியில் வெள்ளம் கொண்டுவந்த சேலைக் கிழிசல் சுற்றிக் கிடந்தது. அவிழ்க்கப் பார்த்தேன், முடியவில்லை. தண்டு பருத்து, துணியைப் பட்டைக்குள் இழுத்துக்கொண்டிருந்தது. அந்த மரம் என் தலைக்கு மேல் வளர்ந்து தளிர் விட்டிருக்கிறது.

இதை எழுத அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை. என் வழிகாட்டியிடம் சொன்னேன். ‘தனியாக ஒரு பக்கம் எழுதிக் கொடு, சேர்த்துக்கொள்வோம்’ என்றார். அந்த ஒரு பக்கத்தில் என்னென்ன வர வேண்டும்? ஒரு வனவியல் துறை தன் வருஷத்தைப் பற்றி எதைச் சொன்னால் நம்ம சீமைக்கு உபயோகம்? உங்களிடமிருந்து கேட்டு எழுத ஆசைப்படுகிறேன்.

பழைய வனவர்
ஞாயிறு, இரவு 10.02

மகளே, இந்தக் கேள்வியைக் கேட்டதே சந்தோஷம். வனத்துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். அதில் பெரும்பகுதி களக்காடு, முண்டந்துறை மலைகளில்தான். 1988-இல் இரண்டு சரணாலயங்களையும் சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கியபோது நான் அங்கேதான் இருந்தேன்.

நாங்கள் போட்ட ஒவ்வொரு நடவுக்கும் ஒரு பதிவேடு உண்டு. இடம், இனம், குழி அளவு, நட்ட தேதி, அந்த வருஷ மழை எல்லாம் அதில் ஏறும். பிழைத்த கன்று எத்தனை, போனதற்குப் பதிலாக வைத்தது எத்தனை என்பதும் ஏறும். அதிகாரி வந்தால் முதலில் அதைத்தான் கேட்பார். பாடம் சொல்லிக்கொடுக்கிற துறைக்கு இந்தப் பழக்கம் இன்னும் கூடுதலாக வேண்டும்.

செத்த கணக்கு மட்டும் எழுதாதே. எதனால் செத்தது என்று எழுது. ஆடு கடித்துச் செத்தது வேறு, வேர் சுருண்ட கன்றை நட்டுச் செத்தது வேறு. பாலித்தீன் பையில் ரொம்ப நாள் கிடந்த கன்றின் ஆணிவேர் அடியில் முட்டிச் சுருண்டுவிடும். நட்டபின் இரண்டு வருஷம் நன்றாகத்தான் இருக்கும். மூன்றாவது வருஷம் ஆடிக் காற்றில் சாயும். தோண்டிப் பார்த்தால் வேர் முறுக்கின கயிறு மாதிரி இருக்கும். அதற்கு ஆட்டையும் வெள்ளத்தையும் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை, நாற்றங்காலில் நடந்த தப்பு அது. உன் நாவல் கன்றுகள் எந்த வகையில் போயின என்று தெரியுமா?

ஆற்றங்கரை மருதம்
ஞாயிறு, இரவு 10.20

தெரியாது அய்யா. நட்ட பிறகு யாரும் போய்ப் பார்க்கவில்லை. அதுதான் உறுத்துகிறது.

சேரன்மகாதேவி அம்மா
திங்கள், காலை 6.45

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கணும். என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு எழுதியிருக்கிறாள். வனவியல்தான் படிப்பேன் என்று ஒரே பிடிவாதம். அவளுடைய அப்பாவுக்கு மனசில்லை. அந்தப் படிப்பில் என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள்? பெண்பிள்ளை காட்டுக்குள் போய் வேலை பார்க்க முடியுமா? படித்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

காக்காச்சி மழை
திங்கள், காலை 8.30

அக்கா, நான் மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் படித்தவள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருவது. நாலு வருஷப் படிப்பு, பல்கலைக்கழகக் கலந்தாய்வு வழியாகத்தான் இடம் கிடைக்கும். மரங்களை அடையாளம் காண்பது, விதை, நாற்றங்கால், மண், மரத்தை அளப்பது, வெட்டிய மரத்தின் தன்மை, காட்டுவிலங்கு, வனச்சட்டம், விவசாய நிலத்தில் மரப்பயிர் எல்லாம் உண்டு. கடைசி வருஷம் கிராமத்திலும் வனக்கோட்டத்திலும் தங்கி வேலை கற்றுக்கொள்ள வேண்டும்.

வேலைக்கு டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் வனத்தொழில் பழகுநர் தேர்வு இருக்கிறது, யூ.பி.எஸ்.சி. நடத்தும் ஐ.எஃப்.எஸ்., அதாவது இந்திய வனப்பணித் தேர்வு இருக்கிறது. காகித ஆலை, பிளைவுட் கம்பெனிகளும் எடுக்கிறார்கள். ஐ.எஃப்.எஸ்.-இல் நடைத் தேர்வு உண்டு. பெண்கள் நாலு மணி நேரத்தில் 14 கிலோமீட்டர் நடக்க வேண்டும். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் பெண்கள்தான். மகளை இப்போதிருந்தே காலையில் நடக்கச் சொல்லுங்கள்.

ஒரு வார்த்தை கூடுதலாக. கல்லூரியில் லத்தீன் பெயர்தான் முதலில் வாயில் நுழையும். ஊருக்கு வந்து ‘டெர்மினேலியா அர்ஜுனா’ என்றால் யாருக்கும் புரியாது. மருதம் என்றால் மருதூர் அணைக்கட்டு வரைக்கும் எல்லாருக்கும் புரியும். இரண்டு பெயரும் வேண்டும் அக்கா. ஊர்ப்பெயர் பத்து மைல் தாண்டினால் வேறு மரத்தைக் குறிக்கும், லத்தீன் பெயர் மாறாது. அந்த லத்தீன் பெயரிலும் நம்ம ஊர் இருக்கிறது. நம்ம மலையில் ‘யூஜீனியா சிங்கம்பட்டியானா’ என்று ஒரு சிறிய மரம் உண்டு. வெள்ளைக்காரர் காலத்தில் வன அதிகாரியாக இருந்த பெடோம், சிங்கம்பட்டியின் பெயரை அதற்கு வைத்தார். அழியும் நிலையில் இருக்கிற மரம். முதல் தடவை அந்தப் பெயரைப் பாடத்தில் பார்த்த அன்றைக்கு எனக்கு ஊர் ஞாபகம் வந்து அழுகையே வந்துவிட்டது.

கடையம் தோட்டம்
திங்கள், பகல் 1.15

ஆண்டறிக்கை கேட்ட தங்கச்சிக்கு ஒரு விவசாயியின் பதில்.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு பயிற்சிக் கூட்டத்துக்குப் போனேன். யார் நடத்தியது என்பது வேண்டாம். மலைவேம்பு நட்டால் ஆறேழு வருஷத்தில் பிளைவுட்டுக்கு வெட்டலாம் என்றார்கள். என் நிலம் சரளை. கிணறு சித்திரையில் அடிமண் காட்டும். அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நட்டேன். முதல் மழைக்கு ஆள் உயரம் வந்தது, மனசு நிறைந்துபோனது. மூன்றாம் வருஷத்தில் என் மணிக்கட்டு பருமனோடு நின்றுவிட்டது. அதே கூட்டத்துக்கு வந்த இன்னொருவர் கால்வாய்க் கரையில் வண்டல் மண்ணில் நட்டார். அவர் மரத்தைக் கட்டிப்பிடித்தால் இரண்டு கையும் சேராது.

அந்த வருஷ அறிக்கையில் நாங்கள் இரண்டு பேரும் ‘பயிற்சி பெற்ற விவசாயிகள்’ என்ற ஒரே எண்ணுக்குள்தான் இருப்போம். எனக்கு வேண்டியது, என்னை மாதிரி தோற்றவன் நிலத்தைப் பற்றி நாலு வரி. எந்த மண், எத்தனை தண்ணீர், எப்போது நின்றது. அடுத்தவன் அதைப் படித்தால் பிழைத்துக்கொள்வான்.

ஆற்றங்கரை மருதம்
திங்கள், மாலை 6.40

அண்ணாச்சி, நீங்கள் சொன்னது அப்படியே போகும், பெயர் இல்லாமல்.

மலைவேம்புக்கு ஆழமான, தண்ணீர் தேங்காத மண்ணும் கோடையில் பாசனமும் வேண்டும். பக்கக் கிளைகளை இளசிலேயே கழிக்காவிட்டால் நேரான தண்டும் வராது. சரளைக்கு அது சரிப்படாது. ஆச்சா மரம் உங்கள் மாதிரி மேலோட்டமான வறண்ட மண்ணைத் தாங்கும். மெதுவாகத்தான் வளரும், ஆனால் ரொம்பக் கனத்த, உறுதியான கட்டை. வேம்பும் உசிலும் ஓரத்தில் வைக்கலாம். உசில் இலையை அரப்புப் பொடிக்கு விற்கலாம். ஒரேயடியாக நிலம் முழுக்க வைக்காதீர்கள். பத்து மரம் வைத்து இரண்டு கோடை பாருங்கள்.

பட்டறைக்காரர் அம்பை
திங்கள், இரவு 8.05

அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் தெரியாதவர்கள் இங்கே இருக்க மாட்டார்கள். எங்கள் குடும்பத்துக்கு அதுதான் தொழில். தாத்தா கையால் இழுத்துச் சுற்றிய கடைசலில் போட்டது, இப்போது மோட்டாரில் போடுகிறோம். அதற்கென்றே இருந்த மரம் மஞ்சள் கடம்பு. அதன் இழை ஒரே சீராக இருக்கும், உளி வழுக்கிக்கொண்டு போகும். சீவல் மஞ்சள் நிறத்தில் சுருள் சுருளாக விழும். அரக்குக் குச்சியைச் சுழலும் கட்டையில் அழுத்தினால் சூட்டில் உருகிக் கண்ணாடி மாதிரிப் பிடிக்கும்.

இப்போது அந்தக் கட்டை கிடைப்பதில்லை. காப்பகத்துக்குள் ஒரு கிளையைத் தொடக்கூடாது, அது சரிதான். அதனால் தைல மரம், ரப்பர் மரம். தைல மரம் காய்கிறபோது வெடிக்கும். செப்புக்கு மூடி போட்டுப் பொருத்தி வைப்போம், மாசம் கழித்து மூடி ஏறாது. ரப்பர் கட்டை கடைய லேசு, ஆனால் மருந்து ஏற்றாமல் வைத்தால் வண்டு துளைத்து மாவாகக் கொட்டும்.

ஒரு தடவை ஒரு நாற்றங்காலில் கடம்பு என்று கேட்டு வாங்கி வைத்தேன். நாலே வருஷத்தில் பனைக்குப் பாதி வந்துவிட்டது. வெட்டிப் பார்த்தால் வெள்ளைக் கட்டை, பஞ்சு. மஞ்சள் கடம்பே இல்லை. வனவியல் துறை என்று ஒன்று இருந்தால் எங்கள் மரத்தை எங்களுக்கு வளர்த்துக் காட்டட்டும். ஆண்டறிக்கையில் அந்த ஒரு வரி வந்தால் போதும்.

காக்காச்சி மழை
திங்கள், இரவு 9.30

அண்ணாச்சி, கடம்பு என்ற பெயரில் மூன்று மரம் இருக்கிறது. நீங்கள் வாங்கியது வெள்ளைக் கடம்பு, வேகமாக வளர்ந்து லேசான கட்டை தரும், தீக்குச்சிக்கும் பிளைவுட்டுக்கும் போகும். நீர்க்கடம்பு ஆற்றோரத்தில், குளத்தங்கரையில் வருவது. உங்களுக்கு வேண்டிய மஞ்சள் கடம்பு மலையடிவாரத்து இலையுதிர் காட்டு மரம். இலை நெஞ்சு வடிவத்தில் இருக்கும், காய் சின்ன உருண்டை. மூன்றும் ஒரே குடும்பம், கட்டையில் சம்பந்தமே இல்லை. நான் சொன்ன இரண்டு பெயர்த் தேவை இதுதான்.

தேரிக்காட்டான்
செவ்வாய், காலை 7.20

இழை முழுக்க ஆறும் மலையுமாகவே போகிறது. 1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டம் ஆனபிறகும் எங்கள் சாத்தான்குளம், திருச்செந்தூர்ப் பக்கம் நெல்லைச் சீமைதான். இங்கே காடு என்றால் செம்மணல் தேரி. பனை, கொல்லாமரம், உடை. குடை விரித்தது மாதிரி தலை தட்டையாக நிற்கும் உடையைப் பார்த்தால் எங்கள் ஆட்களுக்கு ஊர் வந்துவிட்டது என்று அர்த்தம். நெற்று ஆட்டுக்கு, முள் வேலிக்கு, கட்டை அடுப்புக்கு. இப்போது சீமைக்கருவேல் வந்து அதன் இடத்தையும் பிடித்து, பெயரையும் பிடித்துக்கொண்டது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சீமைக்கருவேலைக் காட்டி உடைமரம் என்கிறார்கள்.

வனவியல் மாணவர்கள் சுற்றுலா என்றால் மாஞ்சோலைக்குப் போகிறார்கள். தேரிக்கு எத்தனை வகுப்பு வந்திருக்கிறது? நாட்டு உடையில் விதை எடுத்துக் கன்று வளர்க்க எந்தத் துறையாவது முன்வந்தால் இடம் காட்ட நான் தயார். இதையும் எழுதம்மா.

காக்காச்சி மழை
செவ்வாய், காலை 10.50

தேரி அண்ணன் சொன்னதற்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது உண்மை. என் நாலு வருஷத்தில் தேரிக்கு ஒரு நாள்கூடப் போகவில்லை.

ஆனால் மாஞ்சோலைச் சாலையில் கற்றது வேறெங்கும் கிடைக்காது என்பதையும் சொல்ல வேண்டும். மணிமுத்தாறு அணைக்குப் பக்கத்தில் முள்காடு. ஏற ஏற இலையுதிர் காடு. காக்காச்சி தாண்டினால் பகலிலேயே இருட்டுகிற மழைக்காடு. நாலுமுக்கு, ஊத்து வரைக்கும் போனால் மாநிலத்திலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் நிற்போம். ஒரே காலையில் இத்தனை வகைக் காட்டையும் மாணவர்களுக்குக் காட்டும் சாலை தமிழ்நாட்டில் வேறு இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம்தான்.

மரம் அளப்பதைப் பற்றியும் சொல்கிறேன், ஏனென்றால் ஆண்டறிக்கைக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது. தரையிலிருந்து 1.37 மீட்டரில் சுற்றளவு எடுக்க வேண்டும். சரிவில் நிற்கும் மரத்துக்கு மேட்டுப் பக்கத்திலிருந்து கோலை வைக்க வேண்டும். பலகை வேர் இருந்தால் அதற்கு மேலே போக வேண்டும். காலில் அட்டை ஏறிக்கொண்டிருக்கும், மழைத்தண்ணீர் முழங்கை வழியாகச் சட்டைக்குள் இறங்கும், அப்போதும் நாடா கோணாமல் பிடிக்க வேண்டும். அளந்த இடத்தில் பெயின்ட் வளையம், ஒரு அலுமினியத் தகடு. எங்களோடு வந்த காணிக்காரர் (இந்த மலையின் பழங்குடி) பெரியவர் அளக்கும் முன்பே மரத்தின் பெயரைச் சொல்லிவிடுவார். பட்டையில் கத்தியால் லேசாக ஒரு கீறல், மூக்கில் வைத்துப் பார்ப்பார், முடிந்தது. வெள்ளைப் பால் கசிந்தால் பாலி. சேரான் மரத்தின் பக்கம் போனால் கையைத் தட்டிவிடுவார், அதன் பால் பட்டால் தோல் வெந்துவிடும்.

அடுத்த வருஷம் அதே மரங்களை அளந்தேன். சிலது வளரவே இல்லை, இரண்டு மூன்று மரம் முன்னைவிடக் குறைந்திருந்தது. தப்பாக அளந்துவிட்டேன் என்று பயந்தேன். மழைக்காட்டு மரம் வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் பருக்கும். வெயில் காலத்தில் பட்டை சுருங்கும், மழையில் ஊறும். ஒரு வருஷ வித்தியாசத்தை நாடாவின் பிழையே விழுங்கிவிடும். ஐந்து, பத்து வருஷம் அதே மரத்துக்குத் திரும்பப் போனால்தான் வளர்ச்சி தெரியும். தேக்கில் வளையம் எண்ணி வயது சொல்லலாம், மழைக்காட்டு மரங்களில் முக்கால்வாசிக்கு அதுவும் கிடையாது.

அதனால் வருஷ அறிக்கையில் வருஷக் கணக்கு மட்டும் இருந்தால் காட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. வெடிப்பலா என்கிற மழைக்காட்டு மரம் ஒவ்வொரு வருஷமும் ஒரே அளவு காய்ப்பதில்லை. சோலைமந்திக்கு, அதாவது சிங்கவால் குரங்குக்கு, அதுதான் முக்கியமான தீனி. அது காய்க்காத வருஷம் மந்தி என்ன செய்கிறது என்று தெரிய வேண்டுமானால் காய்க்காத வருஷத்திலும் ஆள் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். காக்காச்சியில் 1990-களில் தொடங்கிய ஆய்வுகளுக்கு மதிப்பு வந்தது அப்படி விடாமல் போனதால்தான். மருதம், நீ எழுதப்போகும் அந்த ஒரு பக்கத்தில் இதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்: இந்த வருஷம் நாங்கள் எந்தப் பழைய இடத்துக்குத் திரும்பப் போனோம்.

பழைய வனவர்
செவ்வாய், பகல் 12.30

சரியாகச் சொன்னாய் மகளே. அந்தக் காணிக்காரர் பெயரும் அறிக்கையில் வரணும், அவர் சம்மதித்தால். சேர்வலாறு, மயிலாறு, இஞ்சிக்குழி குடியிருப்புகளிலிருந்து எங்களோடு நடந்தவர்கள் எத்தனையோ பேர். எந்த அறிக்கையிலும் ‘உதவியாளர்’ என்று போட்டு முடித்துவிட்டோம். நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். இன்றைக்கு அது எனக்கு வருத்தம்.

ஆற்றங்கரை மருதம்
செவ்வாய், இரவு 9.45

எல்லாருக்கும் நன்றி. இன்றைக்கு உட்கார்ந்து அந்தப் பக்கத்தை எழுதினேன். சாரம் இதுதான்.

முதல் பத்தி ஆற்றங்கரை நடவு. நட்டது, நிற்பது, இடையில் யாரும் போகவில்லை என்பது. வெள்ளத்தை மட்டும் காரணமாகக் காட்டவில்லை. மிச்சம் நிற்கும் பத்து மரத்துக்கும் தகடு கட்டி ஆண்டுக்கு ஒருமுறை ஒரு வகுப்பு போய் அளக்கும் என்று எழுதியிருக்கிறேன். வழிகாட்டியிடம் காட்டினேன். ‘எழுதிவிட்டால் செய்ய வேண்டும், தெரியும்தானே’ என்றார். தெரியும் என்றேன்.

இரண்டாவது, கடையம் அண்ணாச்சியின் சரளை நிலம். மூன்றாவது, அடுத்த பருவத்தில் ஒரு களப்பயணம் தேரிக்கு. இதற்குத் துறையின் ஒப்புதல் இன்னும் வரவில்லை, கேட்டிருக்கிறேன். நாலாவது, களத்தில் கூட வந்தவர்களின் பெயர்கள்.

ஐந்தாவது மஞ்சள் கடம்பு. பட்டறை அண்ணாச்சி, சொப்புக்குப் பெரிய மரம் தேவையில்லையே. எத்தனை வயதில், எந்தப் பருமனில் கட்டை கடைசலுக்குத் தகுதியாகும் என்று பார்க்க ஒரு சின்ன நடவு போடலாம் என்று கேட்டிருக்கிறேன். உங்களிடம் பழைய கடம்புக் கட்டைத் துண்டு இருந்தால் ஒப்பிடுவதற்கு வேண்டும்.

பட்டறைக்காரர் அம்பை
செவ்வாய், இரவு 10.10

இருக்கிறது தாயீ. தாத்தா கடைந்து பாதியில் விட்ட குதிர் ஒன்று பரணில் கிடக்கிறது, சொப்புக் குதிர். அதைத் தருகிறேன், திருப்பித் தந்துவிடணும். விதை கிடைத்தால் நான் வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாமா?

ஆற்றங்கரை மருதம்
செவ்வாய், இரவு 10.25

கட்டாயம் திருப்பித் தருவேன்.

விதை போடலாம் அண்ணாச்சி, ஆனால் பக்குவம் வேண்டும். கடம்பு விதை தூசி மாதிரி இருக்கும். ஒரு கிலோவில் ஒரு கோடிக்கு மேல் விதை. உருண்டைக் காயை நிழலில் காயவைத்து ஒரு வெள்ளைத் துணிமேல் கசக்கினால் உதிரும். ஓட்டை போட்ட அகலத் தட்டில் சலித்த மணலும் மக்கின எருவும் கலந்து நிரப்பி, விதையை மணலோடு கலந்து மேலே தூவுங்கள். மண் போட்டு மூட வேண்டாம். பூவாளியால் ஊற்றினால் எல்லாம் ஒரு மூலைக்கு அடித்துக்கொண்டு போய்விடும். தட்டைத் தண்ணீர் நிற்கும் தொட்டியில் வைத்தால் அடியிலிருந்து ஈரம் ஏறும். மழை நேராக விழாத இடம், பாதி நிழல். முளை வந்தாலும் ரொம்ப நாள் கடுகளவுதான் இருக்கும், பயந்துவிடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டறைக்கு வருகிறேன். சேரன்மகாதேவி அம்மா, உங்கள் மகளுக்கு விருப்பம் இருந்தால் அவளும் வரட்டும். கரைக்குப் போய் அந்தப் பத்து மரத்தையும் அளக்க நாடா பிடிக்க ஓர் ஆள் வேண்டும்.

சேரன்மகாதேவி அம்மா
புதன், காலை 6.30

வருவாள். அவளுடைய அப்பாவும் கூட வருகிறேன் என்கிறார். எத்தனை மணிக்கு?